கொப்பியைக் கேட்டு ஒருவர் வந்தார்

இந்தச் சாம நேரத்தில் எழுதுகிறேன் என்று குறை நினைக்க வேண்டாம். பகலில் பேனையை எடுத்தால் யாராவது வந்து, "ஆருக்கு எழுதுறீர்?" என்று எட்டிப் பார்ப்பார்கள். மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு இப்போதுதான் என் மகனுக்கு வேர்த்திருக்கிறது. இடைக்கிடை எழும்பிப் போய் அவனுடைய நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுவதால் வரிகள் இழுபடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொப்பி எனக்கு முன்னால் மேசையில் கிடக்கிறது. கறுப்பு மட்டை, முதுகுப் பக்கம் கிழியாமல் நீங்கள் ஒட்டிய பிளாஸ்டர். விரித்தவுடன் அந்தத் தைல மணம் வந்தது. முழங்காலுக்குப் பூசிவிட்டு அதே கையால்தானே தாள் புரட்டுவீர்கள். ஒன்பது வருடமாகியும் மணம் தாளை விட்டுப் போகவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒருவர் வீட்டுக்கு வந்து இந்தக் கொப்பியைக் கேட்டார். அடுத்த மாதம் திரும்ப வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறார். என் கணவர், குசினி அடுப்பில் போட்டு எரித்துவிடு என்கிறார். கொடுப்பதா, எரிப்பதா, வைத்திருப்பதா என்று உங்களைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகிற ஆங்கிலக் கடிதம் என்றால் பிரித்து வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் அதிகம். தமிழ் என்றால் ஏதோ குடும்பக் கதை என்று விட்டுவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. அதுவும் அரை நம்பிக்கைதான், ஆகவே பெயர்கள் ஒன்றும் எழுதவில்லை. உங்கள் பெயர் உறையில் மட்டும் இருக்கும். எழுத்துக்கூட்டி வாசிக்க நான்தான் உங்களைப் பழக்கினேன். மறந்திருக்கக்கூடும் என்று எழுத்தைப் பெரிதாகவே இடுகிறேன். போகும்போது அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்களே, உங்கள் தமக்கையின் விலாசம், அதற்குத்தான் அனுப்புகிறேன். அவர் அங்கே இருக்கிறாரோ, நீங்களே இருக்கிறீர்களோ, தெரியாது. ஒன்பது வருடமாக ஒரு சொல்லும் இல்லை. எதிரில் கதிரையில் இருக்கிற ஆளோடு கதைப்பது போலத்தான் எழுத வருகிறது.

நீங்கள் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ஆங்கிலம் படிப்பிக்க ஒரு அமெரிக்கர் வருகிறார், உங்கள் பக்க அறையைக் கொடுங்கள் என்று கல்லூரியில் இருந்து அப்பாவிடம் கேட்டிருந்தார்கள். அம்மா இரண்டு நாளாகக் கத்தியும் முள்ளும் தேடினார். நான் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். வந்து இறங்கிய நீங்களோ எங்களைவிடக் கறுப்பு. அப்பா வாசலில் நின்று உங்களைப் பார்த்தார். பிறகு உங்கள் தோளுக்கு மேலால் ரோட்டைப் பார்த்தார், அமெரிக்கர் பின்னால் வருகிறாராக்கும் என்று. "நான்தான்" என்று நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அப்பா சிரிக்கவில்லை. துறைமுகக் கந்தோரில் காலமெல்லாம் கப்பல் ஆட்களின் பத்திரங்களைப் பார்த்து வந்தவர் அவர். உள்ளே வரச் சொல்வதற்கு முதல் கடவுச்சீட்டை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

அன்று தொடங்கியது எங்கள் சந்தேகம். அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை.

முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டதற்கு, பந்து விளையாடினேன், அதற்குச் சம்பளம் தந்தார்கள் என்றீர்கள். ஆதாரமாக ஒரு படத்தைக் காட்டினீர்கள். தலையில் இரும்புத் தொப்பி மாதிரி ஒன்று, வாய்க்கு முன்னால் கம்பி, தோள் இரண்டும் மாட்டுவண்டி அகலம்.

"முகத்தையே காணேல்லையே தம்பி," என்றார் அம்மா. "இது நீங்கள்தான் எண்டு என்னெண்டு நம்புறது?"

"கால்பந்தெண்டு சொல்லுறார், கையால பிடிச்சுக்கொண்டு ஓடுறதாம்," என்று அப்பா எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "உப்பிடி ஒரு விளையாட்டு இருக்கெண்டு நீ எங்கையாவது படிச்சனியோ?"

நான் படித்திருக்கவில்லை. நான் படித்தது புவியியல்.

பிறகு விடியற்காலையில் நீங்கள் கடற்கரையில் ஓடத் தொடங்கினீர்கள். முன்னுக்கு ஓடியிருந்தால் ஊர் இரண்டு நாளில் மறந்திருக்கும். நீங்கள் பின்னுக்கு ஓடினீர்கள். முதுகை உப்புவெளிப் பக்கம் காட்டிக்கொண்டு, முழங்காலை மடித்து, கையை இடுப்போடு வைத்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு. அப்பாவோடு கந்தோரில் வேலை செய்தவர்கள் வந்து சொன்னார்கள்: அந்தாள் அடி எண்ணுகிறார், கரையை அளக்கிறார், அடி ஒரே அளவாக விழுகிறது பாருங்கள் என்று. துறைமுகத்துக்குள் எந்த நாட்டுக் கப்பல் வருகிறது, சீனக்குடாவில் வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளில் யார் கண் வைத்திருக்கிறான் என்பதுதான் எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டோடு கதைக்கிற கதை. அதற்குள் நீங்கள் வந்து விழுந்தீர்கள்.

சாம்பல்தீவுப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்கள் மட்டும் உங்களைப் பார்த்துப் பயப்படவில்லை. வலைக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்கு நடப்பது அவர்களுடைய தினப்படி வேலை அல்லவா. வலைக்காரர் ஒருநாள் உங்களை மறித்தாராம். "தம்பி, சும்மா கையோட பின்னுக்கு ஓடி என்ன பிரயோசனம்? இந்தக் கயித்தையும் பிடிச்சுக்கொண்டு ஓடும், எங்களுக்கு ஒரு ஆள் மிச்சம்." நீங்கள் பிடித்தீர்கள். அன்று ஒரு கோர்வை சூடை மீனோடு வந்து குசினி வாசலில் நின்றீர்கள். மீனை வாங்கிக்கொண்டு அம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்: "வலைக்காரரிட்ட என்ன விசாரிக்கப் போனவராம்?"

ஏன் இப்படி ஓடுகிறீர்கள் என்று நான் கேட்டேன். நீங்கள் தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னதை இன்றைக்கும் சொல்வேன்: "எங்கள் ஊரில் என் நிறத்தில் ஒருவன் முன்னுக்கு ஓடினால், எதைக் களவெடுத்துக்கொண்டு ஓடுகிறான் என்று பார்ப்பார்கள். இங்கே பின்னுக்கு ஓடினாலும் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஆனபடியால் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒன்றுதான், டீச்சர்."

என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவீர்கள். பின்னேரத்தில் சாப்பாட்டு மேசையில் பாடம். இறந்தகாலம் பழக்குவதற்காக ஒவ்வொரு நாளும் உங்கள் வாழ்க்கையில் இருந்து ஐந்து வசனம் சொல்லச் சொன்னேன். அப்படித்தான் உங்கள் விளையாட்டு வாழ்க்கை முழுவதும் ஐந்தைந்து வசனமாக எங்கள் வீட்டுக்குள் வந்தது.

மரமறுக்கிற ஆலையில் வேலை செய்த உங்கள் அப்பா. ஓடினதால் கிடைத்த கல்லூரிப் படிப்பு. பிறகு ஒரு மண்டபத்தில் இருந்து விளையாட்டுக் குழுக்காரர்கள் முறைவைத்து ஆட்களைத் தெரிவுசெய்வார்களாம். கடைசியாக உங்கள் பெயரை வாசிக்கும்போது மண்டபத்தைக் கூட்டிப் பெருக்க ஆள் வந்துவிட்டதாம். முதல் வருடம் முழுக்கக் கோட்டுக்கு வெளியில் நின்றீர்கள். அடுத்த வருடம் மூலையைக் காக்கிறவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. "அவருக்கு முறிந்தது. எனக்கு இடம் கிடைத்தது. நான் சந்தோஷப்பட்டேன். பிறகு வெட்கப்பட்டேன். பிறகு விளையாடினேன்." இந்த ஐந்து வசனத்துக்கும் நான் முழுப் புள்ளி போட்டேன்.

மூலைக்காவல் என்றால் என்னவென்று மேசையில் உப்புப்போத்தலையும் இரண்டு தேக்கரண்டியையும் வைத்துக் காட்டினீர்கள். எதிரி ஒருவன் உங்களை நோக்கி முழு வேகத்தில் ஓடிவருவான். எங்கே திரும்புவான் என்று அவனுக்குத் தெரியும், பந்தை எறிகிறவனுக்குத் தெரியும், பார்க்கிற சனத்துக்குக்கூடச் சிலவேளை தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாது. அவன் முன்னுக்கு ஓடிவர நீங்கள் பின்னுக்கு ஓடி, அவன் திரும்புகிற அதே நேரம் நீங்களும் திரும்ப வேண்டும். பிந்தினால் ஊரே பார்த்திருக்கத் தோற்றுப்போவீர்கள்.

"அவன் கண் பொய் சொல்லும். தலை பொய் சொல்லும். தோளும் பொய். இடுப்பைப் பாருங்கள், டீச்சர். இடுப்பு போகாத இடத்துக்கு ஆள் போக ஏலாது."

இன்னொரு தந்திரமும் சொன்னீர்கள். சிலவேளை வேண்டுமென்றே இரண்டடி விலகி, கவனமில்லாத ஆள் மாதிரி நிற்பதாம். எறிகிறவன் இடம் இருக்கிறதென்று நம்பிப் பந்தை எறிவான், நீங்கள் குறுக்கே பாய்ந்து பறிப்பீர்கள். மூன்றாம் வருடம் அப்படிப் பறித்த பந்தோடு மைதானத்தின் மற்ற முனை வரைக்கும் ஓடியிருக்கிறீர்கள். சனம் எல்லாம் எழும்பி நின்றதாம், உங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லையாம்.

நாலாம் வருடக் கதையைச் சொல்ல உங்களுக்கு மூன்று பாடம் எடுத்தது. மழை. கடைசி நிமிடம். நீங்கள் இடுப்பைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துவிட்டீர்கள். அவ்வளவுதான், அவன் போய்விட்டான். அடுத்த நாள் பேப்பரில் வந்த படத்தில் உங்கள் முதுகும் அவனுடைய தூக்கிய கைகளும். "அந்த நகரத்தில் எல்லாருக்கும் என் முதுகைத் தெரியும்," என்றீர்கள். அந்த வருட முடிவில் உங்களை வேறொரு குளிர் நகரத்துக்கு மாற்றினார்கள். காலைச் சாப்பாட்டில் சொன்னார்களாம், மத்தியானம் விமானமாம். அங்கே முழங்கால் போனது.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? ஒரு நாள் சொன்னதை இன்னொரு நாள் சொன்னதோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் ஒருநாள் இடது என்றீர்கள், இன்னொரு நாள் வலது. பார், பொய்க்காரனுக்கு ஞாபகம் பிசகுகிறது என்று மனதில் குறித்தேன். தமிழில் இடமும் வலமும் உங்களுக்குக் குழம்புகிறது என்று, படிப்பிக்கிற எனக்குத் தோன்றவே இல்லை.

கொப்பியைப் பற்றியும் ஒரு பாடத்தில்தான் சொன்னீர்கள். குழுவில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஆட்டத் திட்டங்கள் உள்ள கொப்பி ஒன்று தருவார்களாம். ஒருவனைக் குழுவில் இருந்து நிற்பாட்டுவதென்றால் நேரே சொல்லமாட்டார்கள். காலையில் ஒரு ஆள் வந்து அறைக்கதவைத் தட்டுவான். "பெரியவர் கூப்பிடுகிறார், கொப்பியையும் எடுத்துக்கொண்டு வரட்டாம்." கொப்பி என்ற சொல்லைக் கேட்டால் போதுமாம், கட்டிலில் இருக்கிற மற்றவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்களாம். உங்களுக்கும் ஐந்தாம் வருடம் அப்படித் தட்டினார்கள்.

"அப்ப இந்தக் கறுப்புக் கொப்பி?" என்று கேட்டேன்.

"அது அவர்களுடையது, கொடுத்துவிட்டேன். இது என்னுடையது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் இதற்குள் இருக்கிறார்கள்."

நான் பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள். அந்த வசனத்தைத் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்து கொப்பியில் எழுதுகிறவனுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர்.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் மூதூர் லாஞ்சுப் படகில் போயிருந்தீர்கள். அறையைக் கூட்டப் போன நான் கதவைச் சாத்திவிட்டுக் கொப்பியை விரித்தேன். வட்டங்கள், பெருக்கல் அடையாளங்கள், அம்புக்குறிகள். நடுவில் ஒரு தாளில் கை நின்றது. வட்டங்கள் வரிசையாக, இரண்டிரண்டாக. அவற்றைச் சுற்றிக் குடா மாதிரி வளைந்த கோடு. வாய்ப்பக்கத்தில் இருந்து உள்ளே வருகிற புள்ளிக்கோடு, முனையில் அம்பு. காட்டுக்குள் வரிசையாக நிற்கிற எண்ணெய்த் தாங்கிகளும் துறைமுக வாயும் கப்பல் வருகிற பாதையும் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. வேறு யாராவது பார்த்திருந்தால் பிள்ளைகளின் கீறல் என்று மூடியிருப்பார்கள். வரைபடம் வாசிக்கப் படித்தவள் நான். வடக்கு எந்தப் பக்கம் என்றுகூட அந்தத் தாளில் கண்டுபிடித்தேன். தாளின் அடியில் பென்சிலால் சின்னதாக ஒரு வரி இருந்தது. அதை வாசிக்கவில்லை.

மத்தியானம் அப்பாவுக்குச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "நீ படிச்ச பிள்ளை. நீ சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியில் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. தெரியும் என்பதால்தான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். சாதாரண உடுப்பில் வந்த பொலிஸ், மரியாதையான கதை. அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். உங்களைத் தங்கள் கந்தோருக்கு வந்துவிட்டுப் போகும்படி கேட்டார்கள். நீங்களும் சரியென்று செருப்பைப் போட்டீர்கள். அதற்குப் பிறகுதான் அவர்களில் வயது கூடியவர் சொன்னார்:

"அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு வாங்கோ."

நீங்கள் அப்படியே நின்றீர்கள். பிறகு சிரிப்பு வந்தது உங்களுக்கு. அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இவன் ஏன் சிரிக்கிறான் என்பதும் அன்று அவர்கள் எழுதிய அறிக்கையில் இருந்திருக்கும். "டீச்சர், கேட்டீர்களா? இங்கேயும் அதே வசனம்," என்றீர்கள். தமிழில், ஒரு பிழை இல்லாமல்.

என் முகம் கவலையாகத்தான் இருந்திருக்கும். நான் அப்படி வைத்திருந்தேன். நீங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே பார்த்தீர்கள், என் இடுப்பை. அது அதற்கு முன்பே குசினிப் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கணம்தான். பிறகு தலையை மெல்ல ஆட்டிவிட்டு அறைக்குப் போய்க் கொப்பியை எடுத்துவந்து அவர்களிடம் கொடுத்தீர்கள். உங்களுக்கு அன்றே தெரியும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

அவர்கள் வலைக்காரரையும் விசாரித்தார்களாம். "களவாய் அளக்க வந்தவன் எங்கட முகத்தைப் பாத்துக்கொண்டே ஓடுவானோ, ஐயா? அவன் எங்களைப் பாத்துக்கொண்டெல்லோ போறவன்," என்றாராம். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. உங்களுக்கு விசாவை நீட்டிக் கொடுக்கவில்லை. எட்டு நாளில் போய்விட்டீர்கள். அம்மா இடியப்பம் கட்டித் தந்தார். நான் தலையிடி என்று படுத்திருந்தேன். எனக்குத் தலையிடி இருக்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து அந்தக் கந்தோரில் இருந்து ஒரு சேவகர் கொப்பியை மண்ணிறக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தார். அப்பா ஒப்பம் வைத்து வாங்கினார். "ஒண்டுமில்லையாம்," என்றார். அலுமாரிக்கு மேலே வைத்தார். கண்மூடும்வரைக்கும் உங்களைப் பற்றி அவர் கதைக்கவில்லை. நீங்கள் இருந்த அறையை வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

அப்பா போனபிறகுதான் எடுத்து வாசித்தேன். எண்பத்தெட்டாம் இலக்கக்காரன் களைத்தால், உள்ளே திரும்புவதற்கு முன் கைச்சட்டையை இழுத்துவிடுவான். பத்தொன்பது நல்லவன், விழுந்தால் கைகொடுத்து எழுப்புவான், எழுப்பிய கையோடு ஏமாற்றுவான். இப்படித் தாள் தாளாக ஆட்கள். நடுவில் என்னுடைய வரைபடம். இருபத்திரண்டு பேர் நிற்கிற ஒரு மைதானம் அது. பாதி வட்டம், பாதி பெருக்கல் அடையாளம். குடா என்று நான் கண்டது பின்வரிசைக்காரர் காக்க வேண்டிய எல்லை. கப்பல் பாதை என்று கண்டது உங்களைத் தாண்டிப் போன மனிதன் ஓடிய வழி. அடியில் பென்சில் வரி, ஆங்கிலத்தில்: மழை, கண்ணைப் பார்த்தேன்.

உங்களை ஒரு நகரம் வெறுத்த நாளை நான் சீனக்குடா என்று வாசித்திருக்கிறேன்.

இது எல்லாம் தெரிந்தபிறகு சந்தேகம் முழுக்கப் போயிருக்க வேண்டும். பொய் எழுத மாட்டேன், போகவில்லை. இப்போது பேப்பர்களில் மறுபடியும் தாங்கிகளை வெளிநாட்டுக்குக் கொடுக்கிற கதை. என் கணவர் துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை. ஒவ்வொரு நாளும் வாயிலில் பாஸ் காட்டித்தான் உள்ளே போகவேண்டும், இப்போது பையையும் கொட்டிப் பார்க்கிறார்கள். "அந்தாள் அப்பவே எல்லாத்தையும் பாத்துக் குடுத்திருக்கும். இல்லாட்டி உலகத்தில வேற ஊரில்லையோ வாறதுக்கு?" என்கிறார். நான் இல்லை என்கிறேன். சொல்லிவிட்டு, அவர் போனபிறகு கொப்பியை எடுத்து வட்டங்களை எண்ணிப் பார்க்கிறேன். மருந்துக்கடைக்காரர் பாணி மருந்தைக் கலக்கும்போது அவருடைய முகத்தை நான் பார்ப்பதில்லை. பிள்ளையைத் தூக்க வருகிறவர்கள் சிரித்தால் அவர்களுடைய கால் எந்தப் பக்கம் நிற்கிறதென்று பார்க்கிறேன். உங்களிடம் இருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். உங்களுக்கு அது மைதானத்துக்குள் மட்டும் தேவைப்பட்டது. எனக்கு வெளியே வரத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். என் கணவர் வேலைக்குப் போய்விட்டார். பிள்ளைக்கு அன்றுதான் காய்ச்சல் தொடங்கியது, ஏணையில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, தோளில் கமராப் பை, கொழும்பில் இருந்து வருவதாகச் சொன்ன ஒருவர். தமிழ் நல்ல தமிழ்.

"முந்தி இஞ்ச ஒரு அமெரிக்கர் வாடகைக்கு இருந்தவரெல்லோ?"

"நீங்கள் ஆர்?"

"ஒரு சஞ்சிகைக்கு எழுதுறனான், தங்கச்சி. பழைய விளையாட்டுக்காரரைப் பற்றி. அவரின்ர கொப்பி ஒண்டு உங்களிட்ட இருக்கெண்டு கேள்விப்பட்டன்."

கொப்பி இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தது அப்பாவுக்கும் எனக்கும் உங்களை விசாரித்த அந்தக் கந்தோருக்கும்தான் தெரியும். என் கணவருக்குக்கூட அன்று வரைக்கும் தெரியாது. ஏணைக் கயிற்றை விடாமல் ஆட்டினேன். நான் இரண்டடி விலகி நின்றேன், நீங்கள் சொன்ன மாதிரி.

"கொப்பியோ, தெரியேல்லை, தேடித்தான் பாக்கவேணும்," என்றேன். "அவர் அங்க பெரிய ஆளாமே. நிறையக் கோல் அடிச்சவரெண்டு அப்பா சொல்லுவார்."

"ஓமோம். அவரின்ர கோலுகள் அங்க பிரசித்தம். அதைப் பற்றித்தான் எழுதப்போறன்."

ஐந்து வருடத்தில் உங்கள் கால் ஒருதரமும் பந்தில் பட்டதில்லை என்று இதே வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள்.

"பிள்ளைக்குச் சுகமில்லைப் போல, நான் பிறகு வாறன்," என்று அவர் சொன்னார். வாய் வாசலுக்குப் போனது. இடுப்பு அலுமாரிப் பக்கமே நின்றது. பிள்ளை அழுது, நான் தூக்கியபிறகுதான் போனார். அடுத்த மாதம் வருவாராம், அதற்குள் தேடி வைக்கட்டாம்.

பின்னேரம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியையும் காட்டினேன். விரித்துப் பார்த்தவர் நான் கண்டதையே கண்டார். "இதென்ன, தாங்கியெல்லோ?" என்றார். விளக்கினேன். "நீர் விளங்கப்படுத்தினா எனக்கு விளங்கும். வாயிலில நிக்கிறவனுக்கு ஆர் விளங்கப்படுத்துறது? எரிச்சுப்போடும் இதை." பிறகு தணிந்து, "அந்தாள் உண்மையாப் பேப்பர்காரனாயும் இருக்கலாம். அரைவாசிப் பேருக்கு விளையாட்டைப் பற்றி ஒண்டும் தெரியாது," என்றார். அதுவும் சரியாக இருக்கலாம். பிழையென்று காட்ட என்னிடம் ஒரு கோல் கதை மட்டும்தான் இருக்கிறது. ஒருதரம் இதைவிட அதிகமான ஆதாரத்தோடு நான் பிழைவிட்டிருக்கிறேன்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் கொப்பி வீட்டில் அகப்பட்டால் அவருடைய பாஸ் போகும், அதோடு நிற்குமா என்பதும் தெரியாது. எங்களுக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது. மாத முடிவு வரைக்கும் தவணை வாங்கியிருக்கிறேன், அதற்குப் பிறகு அடுப்புத்தான் என்கிறார். உங்களிடம் இதற்கு இன்னொரு பிரதி இருக்காது. ஐந்து வருடமும் அந்த ஆட்களும் இதற்குள் மட்டும்தான் இருக்கிறார்கள்.

முதல்தரம் உங்களைக் கேட்காமல் கொடுத்தேன். கொடுத்தது அப்பா, நான் வாயால் சொன்னது மட்டும்தான் என்று பல வருடம் எனக்கே சொல்லிவந்தேன். நான்தான் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்பது இந்தக் கடிதத்தில் சுலபமான பகுதி, ஆகவே அதை ஒரு வரியோடு விடுகிறேன்: என்னை மன்னியுங்கள். இந்தத்தரம் உங்கள் சொல் வராமல் எரிக்கவும் மாட்டேன், கையில் கொடுக்கவும் மாட்டேன். அந்த மனிதர் வந்தால் கறையான் தின்றுவிட்டது என்பேன். என் கணவர் கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் தெரியாது.

அனுப்பு என்றால், அம்மா மூலம் பதிவுத்தபாலில் அனுப்புவேன். எரி என்றால் என் கையால் எரிப்பேன். அந்த மனிதரை உங்களுக்கு உண்மையாகவே தெரியுமென்றால் அதையும் எழுதுங்கள். பதிலை இந்த வீட்டுக்குப் போடவேண்டாம். அம்மா இப்போது மூதூரில் மாமா வீட்டில் இருக்கிறார், அந்த விலாசத்தை உறைக்குள் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்திலோ தமிழிலோ, ஒரு வரி என்றாலும் போதும்.

மகன் புரண்டு படுக்கிறான். உடம்பு குளிர்ந்திருக்கிறது. விடிந்ததும் முதல் தபாலில் சேர்க்கப் பார்க்கிறேன். தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கள்.